அவன் கைக்கு வைத்த செட்டிங்

பொறாமை என்று சொன்னாலே எல்லோரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கு இருப்பது பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து அதைக் கூப்பிட எனக்கு வராது. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் இருக்கிற பேஸ் கிட்டார்களில் முக்கால்வாசி, ஆட்டையாம்பட்டியில் என் வீட்டு முன்னறைக்கு வந்து போனவை. கழுத்து வளைந்தாலும் என்னிடம் வரும், தந்தி இரைந்தாலும் என்னிடம் வரும், ஆம்ப் உறுமினாலும் என்னிடம்தான் வரும். அதோடு ஒரு குழுவில் நானே பேஸ் வாசித்துக்கொண்டும் இருந்தேன். ‘இருந்தேன்’ என்று எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். என் இடத்தில் இப்போது இன்னொருவன் நிற்கிறான். அவனுடைய பேஸை நான் துடைத்து, சரிசெய்து, அவன் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு எரியாத வயிறு என்ன வயிறு?

பேஸ் கிட்டார் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இருக்கலாம். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அது தனியாகக் காதில் விழாது. பாடகர் தெரிவார், கீபோர்டு தெரியும், டிரம்ஸ்காரன் தலையை ஆட்டுவது தெரியும். அடியில் ஒரு கனமான சத்தம் பாட்டைத் தாங்கிக்கொண்டு போகும். காதைவிட வயிற்றில்தான் அது அதிகமாகக் கேட்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி ஒரு கோயில் கச்சேரிக்கு வந்துவிட்டு, “அடியில திம்மு திம்முன்னு ஒண்ணு கேட்டுட்டே இருந்துச்சே, அதுதானுங்க நீங்க?” என்று கேட்டாள். ஆமாம், அதுதான் நான்.

நான் வாசிக்க ஆரம்பித்த காலத்தில் எங்கள் குழுவில், சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஆம்ப் பேஸுக்கென்று தனியாகக் கிடையாது. கீபோர்டுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே பெட்டி. அதுவும் பாதி நேரம் இருமிக்கொண்டே கிடக்கும். டிரம்ஸைத் தாண்டி நம் சத்தம் வெளியே போக வேண்டுமென்றால் விரலால் ஓங்கி அடித்துத்தான் ஆக வேண்டும். அப்படியே பழகி என் கை கனத்த கையாகிவிட்டது. ஓங்கி அடித்தால் தந்தி அகலமாக ஆடும். ஆடுகிற தந்தி, கழுத்தில் வரிசையாகப் பதித்திருக்கிற ஃப்ரெட் என்கிற உலோகக் கம்பிகளில் இடித்தால் கரகரவென்று இரையும். அதனால் என் பேஸில் தந்திகளை உயரத் தூக்கி வைத்திருப்பேன். வேறு யாராவது வாங்கி வாசித்துப் பார்த்தால், விரல் வலிக்கிறது என்று ஒரே பாட்டில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு. மறைக்க மாட்டேன்.

செட்டிங் வைப்பது என்றால் கருவியைச் சரிசெய்வது என்று பலரும் நினைக்கிறார்கள். கருவி என்ன, மரமும் இரும்பும். சரிசெய்வது கைக்குத்தான். தையல்காரர் அளவெடுக்கிற மாதிரி ஒவ்வொரு கைக்கும் அளவு வேறு. பேஸின் கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அலன் கீ போட்டு இறுக்கினால் கழுத்து நிமிரும், தளர்த்தினால் வளையும். எங்கள் ஊர் வெயிலுக்கு, சித்திரை மாதத்தில் பேஸை வேனுக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது கழுத்து வில்லாகியிருக்கும். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இன்ஜினுக்கு டேப்பெட் இடைவெளி வைக்க ஒரு ஃபில்லர் கேஜ் வைத்திருப்பார்கள். மெல்லிய எஃகுத் தகடுகள், சீட்டுக்கட்டு போல விரியும். அதைத்தான் நான் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் விட்டு இடைவெளி பார்ப்பேன். லாரிக்கு ஆகிற அளவு பாட்டுக்கும் ஆகும்.

ஆனால் கேஜ் பாதி வேலையைத்தான் செய்யும். மீதி வேலைக்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. யாருடைய பேஸோ, அந்த ஆள் எப்படி வாசிப்பாரோ, அதே மாதிரி நான் வாசித்துப் பார்ப்பேன். ஆத்தூர்க்காரர் ஒருவர் நகம் பட இழுப்பார். அவருடைய பேஸ் மேசையில் இருக்கிறவரை நானும் நகம் பட இழுப்பேன். எடப்பாடிக்காரர் ஒருவர் கட்டை விரலாலேயே எல்லாவற்றையும் முடிப்பார், நானும் அப்படியே. அந்த ஆளாக மாறி வாசித்து, எங்கும் இரைச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேஸ் என் வாசலைத் தாண்டும். இதனால்தான் எல்லோரும் என்னைத் தேடி வருகிறார்கள். இதனால்தான் நான் நாசமாகவும் போனேன்.

குழுவின் ஓனர் திருச்செங்கோட்டுக்காரர். முன்வரிசைப் பாடகரும் அவர்தான். என் வயதுதான். இத்தனை வருஷமாக என்னை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார், நானும் பதிலுக்கு ‘டேய்’தான். ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, “ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா?” என்றார். எனக்கு அப்போதே விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கூடப் பழகியவன் திடீரென்று ‘ங்க’ போட்டால், ஒன்று கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறான், இல்லையென்றால் கழுத்தை அறுக்க வந்திருக்கிறான். அவர் கையில் பத்திரிகை எதுவும் இல்லை.

“ஒரு சமாச்சாரமுங்க. சனமெல்லாம் இப்ப செல்போன்ல பாத்துட்டு வருதுங்க. பேஸுல நாலு கம்பி பத்தாது, அஞ்சு கம்பி இருக்கோணும், லேசா ஓடோணும், நடுவுல தனியா ஒரு பிட்டு வாசிக்கோணும்னு கேக்கறாங்க. ஒரு தம்பி கெடச்சிருக்கறானுங்க. அயோத்தியாப்பட்டணத்துக்காரன்.”

“அப்ப நானு?”

“என்னுங்க இப்பிடிக் கேக்கறீங்க? நீங்க இல்லாம குழு ஏதுங்க? கருவி, ஆம்ப் எல்லாம் நீங்கதான் பாத்துக்கோணும். வேன்ல உங்க சீட்டு அப்பிடியே இருக்குதுங்க.”

வேனில் சீட்டு இருக்கிறதாம்! மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் எனக்கென்று இருந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, வேன் ஜன்னலோரத்தைத் தானமாகக் கொடுக்கிறார். காபியைக் குடித்துவிட்டுப் போனார். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் அவர் என்ன சொன்னார் என்று என் மனைவிக்குச் சரியாகக் கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். “போச்சாது உடுங்க. உக்காந்த எடத்துல வேலை. முதுகு வலியாச்சும் கொறையும்,” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அவள் மீதும் கோபம் வந்தது.

அடுத்த மாதம் ஒரு திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரனுக்குப் பழைய டிசைன் கம்ப்யூட்டரில் கிடந்திருக்கிறது. புது ஆளுக்குப் புதுப் படம் எடுக்கச் சோம்பல் போல. என் படத்தில் தலையை மட்டும் வெட்டிவிட்டு அவன் தலையை ஒட்டிவிட்டான். என் கட்டம் போட்ட சட்டை, என் தொப்பை, என் கை, என் சிவப்பு பேஸ். மேலே மீசை அரும்பிய அவன் முகம். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. பார்த்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவர் ஒருவர், “தம்பி பாக்க லட்சணமா இருக்கறானுங்க, ஆனா ஒடம்பைக் கொஞ்சம் கொறைக்கோணும்,” என்றார். என் தொப்பைக்கு அவன் திட்டு வாங்கியதில் மட்டும் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

அப்படியானால் ஏன் கூடவே போனாய் என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். வீட்டில் இருந்தால் அவன் எப்படி வாசிக்கிறான் என்று நினைத்து நினைத்தே வெந்திருப்பேன். பக்கத்தில் நின்று பார்த்து எரிவது அதைவிட மேல். அதோடு எனக்குள் ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு பாட்டு, ஓனர் முன்னால் நின்று பாடும்போது பின்னாலிருந்து என் கை அவருக்குக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் போதும். சட்டென்று திரும்பி, ‘டேய், நீதாண்டா’ என்பார். அதற்குப் பிறகு அந்த அயோத்தியாப்பட்டணத்துக்காரன் ஐந்து கம்பி என்ன, ஐம்பது கம்பி கொண்டு வந்தாலும் கவலையில்லை. இந்த ஆசையை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வேனில் ஏறினேன்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். படுபாவி, நல்லவன். “அண்ணா, சாப்டீங்களா? அண்ணா, அந்தப் பொட்டிய நான் தூக்கறேன், நீங்க விடுங்க,” என்று என்னைச் சுற்றிச் சுற்றி வருவான். மேடை ஏறுவதற்கு முன் என் காலைத் தொட்டுக் கும்பிடுவான். காலை உதறிக்கொள்ளவும் முடியாமல், ஆசீர்வாதம் செய்யவும் மனம் இல்லாமல் நான் நிற்பேன். வாசிப்பும் சும்மா சொல்லக் கூடாது. அவனுடைய விரல் தந்தியை அடிப்பதே இல்லை. தொட்டுவிட்டுப் போகிறது. மீதியை ஆம்ப் பார்த்துக்கொள்கிறது. நான் வியர்க்க வியர்க்க எடுக்கிற சத்தத்தை அவன் சிரித்துக்கொண்டே எடுக்கிறான். முதல் கச்சேரியில் நடுவில் அவன் தனியாக ஒரு பிட்டு வாசித்தபோது, கூட்டம் விசிலடித்தது. பேஸுக்கு விசிலடித்து நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. எனக்கு முகமெல்லாம் சுட்டது.

அவன் கருவியை வைத்திருக்கிற லட்சணம் இருக்கிறதே, அதுதான் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. வழவழவென்று பழுப்பு நிற மரத்தில் ஐந்து தந்தி பேஸ். கையில் எடுத்தாலே மனசு இளகும். அதை உச்சி வெயிலில் பைக் பின்னால் கட்டிக்கொண்டு வருவான். வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைக்காமல் அப்படியே உறைக்குள் தள்ளுவான். தந்தி துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? எனக்கு அப்படி ஒரு பேஸ் கிடைத்திருந்தால் மடியிலேயே வைத்துத் தூங்கியிருப்பேன். கையில் விழுந்த வரத்தின் அருமை தெரியாதவனுக்குத்தான் எல்லாமே போய்ச் சேருகிறது.

ஆம்ப் கதையும் இதேதான். குழுவின் பேஸ் ஆம்பை ஓனர் தன் சகலையின் கோழிப் பண்ணையில், தீவனக் குடோனில் போட்டு வைத்திருந்தார். நாமக்கல் பக்கத்தில் இடம் என்றால் கோழிப் பண்ணைதான். எடுத்து வந்து மூடியைத் திறந்தால் உள்ளே மக்காச்சோளத் தூள் ஒரு படி இருக்கும் போலிருக்கிறது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை எலி கடித்திருந்தது. வால்யூமைத் திருகினால் வடை சுடுகிற மாதிரி பொரிந்தது. தூளை ஊதி, வால்யூம் திருகிக்குள் இருக்கிற கார்பனைக் கழுவி, கூம்பில் கிழிந்த இடத்துக்கு மெல்லிய துணி ஒட்டிப் பசை போட்டு, புதுசு போல ஆக்கிக் கொடுத்தேன். மேடைக்குப் போனால் ஜெனரேட்டர் கரண்டில் ஆம்ப் உறுமியது. இது நான் எதிர்பார்த்ததுதான். மேடைக்குப் பின்னால் ஈர மண்ணாகப் பார்த்து ஒரு கம்பியை அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, எர்த் இழுத்தேன். உறுமல் நின்றது. சமைத்து வைத்தது நான். அவன் வந்து உட்கார்ந்து சாப்பிட்டான், ஊரே அவனைப் பார்த்து ஏப்பம் விட்டது.

ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையத்தில் கச்சேரி ஒத்துக்கொண்டிருந்தார்கள். காவிரித் தடுப்பணைக்குப் பக்கத்தில் மேடை. அதற்கு முந்தைய வாரம் அவன் பேஸைக் கொண்டுவந்து என் முன்னறையில் வைத்தான்.

“அண்ணா, ஒரு இடத்துல கொஞ்சம் இரையுது. தந்தி ஒசரமா வேற இருக்கு. நான் லேசா வாசிக்கிற ஆளு. உங்களுக்குத்தான் தெரியுமே. எவ்ளோ கீழ இறக்க முடியுமோ இறக்கிடுங்கண்ணா. அன்னிக்கு நான் நேரா அங்க வந்துடறேன், நீங்க வேன்ல எடுத்துட்டு வந்துடுங்க.”

உங்களுக்குத்தான் தெரியுமே என்கிறான். தெரியாமல் என்ன, இத்தனை மாதமாக என் கண் வேறு எங்கே இருந்தது?

அவன் போனதும் பேஸை மேசையில் கிடத்தினேன். அப்போது மனதில் ஓடியதைச் சொல்கிறேன். கழுத்துக்குள் ஓடுகிற கம்பியை அரைத் திருகு கூடுதலாக இறுக்கினால் போதும். நடு மேடையில், நடுப் பாட்டில், கரகரவென்று மானம் போகும். யாருக்கும் தெரியாது. ஆனால் கை வரவில்லை. அவன் மீது இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், இரக்கமும் இல்லை மண்ணும் இல்லை. என் மேசையிலிருந்து போகிற பேஸ் இரைந்தது என்று ஒருவன் சொன்னால் நான் உயிரோடு இருக்க மாட்டேன். எனக்கு அவனைவிட என் பெயர்தான் பெரிது. அதனால் நேர்மாறாக ஒரு வெறி பிடித்தது. இந்தப் பக்கத்தில் யாருமே வைத்திராத மாதிரி ஒரு செட்டிங் வைத்துக் கொடுக்க வேண்டும். அவன் வாயைத் திறந்து, இப்படி ஒன்று யாராலும் முடியாது என்று சொல்ல வேண்டும்.

செல்போனில் அவனுடைய வீடியோக்களை ஓடவிட்டேன். எத்தனை வீடியோ போட்டிருக்கிறான், வேலையற்றவன்! ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தந்தியின் அதிர்வை வாங்குகிற பிக்கப்புகளில் இரண்டாவதற்கு மேலே, விரல் நுனியின் சதையால் தொடுகிறான். கட்டை விரலை மேல் தந்தியில் சாய்த்து வைக்கிறான். நீளமான சுரத்துக்குப் பிறகு ஒரு நொடி கையை எடுத்து, சத்தத்தைத் தானாக அடங்க விடுகிறான். பல்லவி திரும்பி வரும்போது மேலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து இறங்குகிறான். எல்லாவற்றையும் என் கையில் வாங்கினேன். முதலில் என் விரல் கேட்கவில்லை; ஓங்கத்தான் பார்த்தது. அடக்கி அடக்கி, தொட்டுத் தொட்டு, அந்த வாரம் பூராவும் அவனாகவே உட்கார்ந்து வாசித்தேன். தந்தியை ஒரு மயிரிழை இறக்குவேன், அவன் மாதிரி வாசிப்பேன். இரையவில்லை என்றால் இன்னும் ஒரு மயிரிழை. ஒரு ஃப்ரெட் மட்டும் தூக்கிக்கொண்டிருந்தது. அதை அரத்தால் ராவி, மெருகு போட்டு, மறுபடி இறக்கினேன்.

மனைவி நெல்லிக்காய் உப்பில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். “புது மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேச்சு உடற மாதிரியல்லங்க தேச்சுட்டு இருக்கறீங்க. அவனைக் கண்டா ஆகாதும்பீங்க, பொழுதன்னிக்கும் அவன் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறீங்க.”

“வேலைடி இது.”

“வேலைதானுங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்க,” என்று சிரித்தாள்.

கடைசியில் தந்திகள் ஃப்ரெட்டுக்கு மேலே மூச்சு விடுகிற தூரத்தில் நின்றன. கேஜில் இருப்பதிலேயே மெல்லிய தகடுதான் உள்ளே போனது. அவன் மாதிரி தொட்டால் தேன் மாதிரி வந்தது. கொஞ்சம் அழுத்தி அடித்தால் தந்தி படபடவென்று இரும்பில் மோதியது. அதனால் என்ன, அவன்தான் அழுத்தி அடிப்பதில்லையே என்று உறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். கிளம்பும்போது மனைவி, “உங்க பேஸையும் எடுத்துட்டுப் போங்களேன், சும்மா இருக்கட்டும்,” என்றாள். “எதுக்கு? சொமக்கறதுக்கா?” என்று எரிந்து விழுந்துவிட்டு வேன் ஏறினேன்.

ஜேடர்பாளையத்தில் அன்றைக்குக் கூட்டமென்றால் கூட்டம். ஆற்றில் முழுகுகிறவர்கள், புதுத் தாலிக்கயிறு மாற்றுகிறவர்கள், மீன் வறுக்கிற கடைகளின் புகை, முளைப்பாரி தூக்கிக்கொண்டு வருகிற பெண்கள். ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் வெயில் தாழ்வதற்கு முன்பே வந்துவிட்டதால் தப்பித்தோம். அவன் வரவில்லை. போன் போட்டால், நெரிசலில் பைக்கோடு மாட்டிக்கொண்டதாகவும் நகரவே முடியவில்லை என்றும் சொன்னான். விழாக் கமிட்டிக்காரர் நேரமாகிறது என்று முறைக்க ஆரம்பித்தார்.

நான் மேடையின் பின்பக்கம், கீபோர்டு ஸ்டாண்டுக்கும் ஆம்புக்கும் நடுவில் நின்றிருந்தேன். கையில் அவன் பேஸ். சுருதி சேர்த்து, ஆம்பில் மாட்டி, தயாராக வைத்திருக்கிறேன். ஓனர் வந்தார். என்னைப் பார்த்தார், பேஸைப் பார்த்தார். என் நெஞ்சு எப்படி அடித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட அப்படி அடிக்கவில்லை. அவர் கீபோர்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“தம்பி வார வரைக்கும் லெப்ட் கையில பேஸ் பாத்துக்கப்பா. சமாளிச்சறலாம்.”

சொல்லிவிட்டு மைக்குக்குப் போய்விட்டார். நான் அங்கேதான் நிற்கிறேன். பேஸ் என் தோளில் தொங்குகிறது. ஒரு வார்த்தை, ‘நீ வாசி’ என்று ஒரு வார்த்தை வரவில்லை. கீபோர்டின் இடது கையைவிடக் கேவலமாகப் போய்விட்டேனா நான்? ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் ஆத்திரம். கீபோர்டுக்காரருக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். என் பக்கம் பார்க்காமல் தன் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டு அம்மன் பாட்டு. பேஸ் இல்லாமல் தகர டப்பா மாதிரி போனது. இரண்டாவது பாட்டு ஆரம்பித்ததும் என்னால் முடியவில்லை. ஆம்பின் வால்யூமைத் திருகினேன். கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்து, புரிந்துகொண்டு, இடது கையை எடுத்துவிட்டார். நான் உள்ளே போனேன்.

முதல் சுரத்தை என் வழக்கப்படி ஓங்கித்தான் அடிக்கப் போனேன். தந்தி படீரென்று ஃப்ரெட்டில் மோதும் என்பது விரலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அந்த பேஸில் என் கைக்கு இடமே கிடையாது. நானே அடைத்து வைத்திருக்கிறேன். விரலை இளக்கினேன். இரண்டாவது பிக்கப்புக்கு மேலே, நுனிச் சதையால் தொட்டேன். சத்தம் உருண்டு திரண்டு வந்தது. டிரம்ஸ்காரன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். பாட்டுக்கு உயிர் வந்துவிட்டது. கூட்டத்தில் பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். பல்லவி திரும்பியபோது என் கை தானாக மேலிருந்து வழுக்கி இறங்கியது.

இனி ஓனர் திரும்புவார் என்று காத்திருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் எனக்கு முன்னால் நின்று பாடிய ஆள். அவர் மூச்சு எங்கே எடுப்பார் என்று எனக்குத் தெரியும். என் கை எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். திரும்புடா, திரும்புடா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவருடைய தோள் குலுங்கியது. சந்தோஷம் வந்தால் அவருக்குத் தோள் அப்படிக் குலுங்கும். சரணம் முடிந்து இசை மட்டும் ஓடுகிற இடம் வந்தது. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அன்பான பெரியோர்களே, தாய்மார்களே! நெரிசல்ல மாட்டிக்கிட்ட நம்ம அஞ்சு கம்பிச் சிங்கம், அயோத்தியாப்பட்டணம் தம்பி, இதோ மேடைக்கு வந்து சேர்ந்துட்டாருங்க! இந்தக் கை தம்பி கையல்லாம வேற யாரு கைங்க? ஜோரா ஒருக்கா தட்டுங்க!”

ஊரே தட்டியது. ஆற்றங்கரை வரைக்கும் விசில் பறந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். பார்க்கத் தேவை இல்லையே, காதுதான் சொல்லிவிட்டதே.

அடப்பாவி, நான்டா! ஆத்திரம் தலைக்கேறி, வலது கையை ஓங்கி என் பழைய அடியை அடித்தேன். தந்திகள் மொத்தமும் இரும்பில் மோதி, ஆம்பிலிருந்து தகரத்தை இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு வெளியே போனது. முன்வரிசையில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஓனர் பாடிக்கொண்டே ஒரு கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கிக் காட்டினார். வேண்டாம் தம்பி, லேசாக, லேசாக.

விரலை இளக்கினேன். சத்தம் மறுபடி தேனாக வந்தது. பின்னால் நீட்டியிருந்த அந்தக் கை, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு முன்னால் போனது. பாட்டு முடிகிறவரைக்கும் நான் அவனாகவே வாசித்துக் கொடுத்தேன்.